மாமி கேட்ட வினா

எமது மாமி ஒருவருக்குப் பித்தப்பையிலே கற்கள் இருப்பதாகக் கண்ட வைத்தியர், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகளின் வழியாகவே அப்பையை அகற்றிவிடலாம் என்று கூறினாராம். மாமிக்கு அது மகிழ்ச்சியே. ஆயினும் அன்று மாலை எம் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த டொக்டர் இதை இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் செய்திருப்பார்? அப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவாய் இருக்குமோ?" என்று வினவினார். நாம் வைத்தியர் அல்லோம்; கல்லூரியிலே பாடஞ் சொல்லுபவர். எனினும் அவ்வினா எம்மை எளிதில் விடவில்லை. சத்திரவைத்திய உலகமே தன்னைத்தான் கேட்டு வருந்திய வினா அது.

பித்தப்பையை முதன்முதலாக வெட்டி அகற்றியவர் பேர்லின் நகரத்துக் கார்ல் லங்கன்புக் என்பார். அது நிகழ்ந்தது 1882ஆம் ஆண்டில். அதன்பின் நூறாண்டுகளாக வழி ஒன்றே: வலப்புற விலாவின் கீழ் ஏறக்குறையச் சாண் நீளத்துக்குக் கீறி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து அறுத்தெடுத்தல். 1985ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி, ஜேர்மனியிலே பொப்லிங்கன் என்னும் ஊரில், எரிக் மூஹே என்பவர் துளைவழியாக அதனை எடுத்துக் காட்டினார். மறு வருடம் தம் நாட்டுச் சத்திரவைத்தியர் சங்கத்திலே இதனை எடுத்துரைத்தபோது அவருக்கு வரவேற்பில்லை. அதே சங்கம் 1992இல் அவருக்குப் பரிசளித்துக் கௌரவித்தது. புதுமை செய்வோருக்கு இது வழமையான கதையாதலின் இதனை இவ்வளவில் நிறுத்துவோம். நாம் சொல்ல வந்தது, பரிசு வந்த காலத்தில் நிகழ்ந்த வேறொரு கதை.

இம்முறையிலே வயிற்றினுள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி அதனை உப்பச் செய்வர். பெரும்பாலும் நான்கு சிறு துளைகள். ஒன்றினூடாக விளக்கோடு கூடிய கமரா செல்லும். ஏனையவற்றினூடாக நீண்ட கருவிகள் செல்லும். வைத்தியர் நோயாளியின் வயிற்றைப் பாராது திரையைப் பார்த்தே தொழில் செய்வார். கைப்பிடியை இடப்புறம் அசைத்தால் உள்ளே கருவியின் நுனி வலப்புறம் செல்லும். விரலால் தொட்டறியும் வசதி இல்லை. இருபது வருடம் கீறிப் பழகிய கையும் இங்கே புதுக் கைதான்.

நோயாளர் விரைவிலே வீடு திரும்பக் கண்ட உலகம் இம்முறையை நாடி ஓடியது. வைத்தியர்களும் ஓடினர். 1991ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தென்மாநிலச் சத்திரவைத்தியர் சிலர், தாம் இம்முறையாற் சிகிச்சை செய்த 1,518 பேரின் விபரத்தை ஒளிக்காது வெளியிட்டனர். ஒவ்வொரு குழுவினரும் செய்த முதல் 13 நோயாளரிடையே பித்தக்கான் காயமுற்றது நூற்றுக்கு 2.2 வீதம். அதற்குப் பின் வந்தோரிடையே 0.1 வீதம், அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். பதின்மூன்றாவது ஆளுக்கும் முப்பதாவது ஆளுக்கும் நோய் ஒன்றே. படுத்த கட்டிலும் ஒன்றாக இருந்திருக்கலாம். முந்தியவர் வைத்தியரின் படிப்புக்குத் தம் உடம்பாற் கட்டணங் கட்டினார்.

அக்காயம் யாதெனின், பித்தப்பையிலிருந்து வரும் சிறு கானை வெட்டவேண்டிய இடத்தில், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பெருங் கானை வெட்டிவிடுதல். பித்தம் வயிற்றினுட் கசியும். அன்றேல் வழி அடைபட்டுச் செங்கமாரி காணும். பின்னர்க் குடலை மேலிழுத்துக் கானோடு பொருத்தும் பெருஞ் சத்திரசிகிச்சை வேண்டியதாகும். அடுத்த நாள் வீடு திரும்ப வந்தவர் மாதக்கணக்கில் வருந்துவார்.

கை பழகாமையே இதற்குக் காரணம் என்று எவரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் லோரன்ஸ் வேய் என்பாரும் துணைவரும் இவ்வகைக் காயங்கள் 252ஐ நுணுகி ஆராய்ந்தனர். கைத்திறனிற் குறை இருந்தது நூற்றுக்கு மூன்றிலே மாத்திரம். 97 வீதத்துக்கு மூலகாரணம் கண்ணின் மயக்கம். எம் வேதாந்திகள் கயிற்றரவு என்று சொல்வார்களே, அதுதான் இது. பெருங் கானைச் சிறு கானெனக் கண்டவருக்கு ஐயமே எழுவதில்லை; துணிந்து, நன்றாகவே, பிழையான இடத்தில் வெட்டினார்.

ஐயம் தானாக வராதாயின் அதனை விதியாக்கி வரவழைக்க வேண்டும். ஸ்டீவன் ஸ்ராஸ்பேர்க் என்பார் 1995இலே வகுத்த நெறி அத்தகையது: கொழுப்பையும் இழையங்களையும் நீக்கி, பித்தப்பையின் அடிப்பாகத்தை ஈரலினின்றும் பிரித்து, அப்பையினுட் செல்வன இரண்டே இரண்டு எனக் கண்ணாற் கண்ட பின்னரே வெட்டுதல். அவ்வாறு காண இயலாவிடில் வேறு வழியை நாடுதல். வேண்டின் பழைய முறைப்படி கீறுதல்.

பயிற்சியும் மாறியது. யேல் பல்கலைக்கழகத்திலே 16 பயிற்சி வைத்தியரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரைக் கணினித் திரையிலே போலிச் சத்திரசிகிச்சை செய்து பழகவிட்டனர். 2002இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு பழகாதோர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ அயலிழையத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. இதனினும் எளிய சாதனம் ஒரு பெட்டி. உள்ளே கமரா, முளைகளிற் கோத்த சிறு துண்டுகளை நீண்ட கருவியால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவேண்டும். பட்டம் பெற்ற வைத்தியர் பிள்ளைகள்போல இதிலே மணிக்கணக்காக இருப்பர். தவறினால் விழுவது ஒரு துண்டு மாத்திரமே.

தேர்ந்தவரும் கற்கவேண்டியவரே என்பதை 2013இல் வெளியான மிச்சிகன் மாநில ஆய்வொன்று காட்டியது. உடற்பருமனைக் குறைக்க இரைப்பையிலே சத்திரசிகிச்சை செய்யும் 20 நிபுணர், தத்தம் வேலையின் ஒளிப்படச் சுருள் ஒவ்வொன்றைக் கொடுத்தனர். சகபாடிகள் பெயரறியாமல் புள்ளியிட்டனர். புள்ளி குறைந்த கால்வாசியினரின் நோயாளரிடையே சிக்கல்கள் 14.5 வீதம், புள்ளி கூடிய கால்வாசியினரிடையே 5.2 வீதம். எமது வகுப்பறையில் ஒரு கமராவை வைத்து மற்றை ஆசிரியர்களைப் புள்ளியிடச் சொன்னால் எமக்கு வியர்க்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே மாமியிடம், "தாராளமாகக் கேளுங்கள், உள்ளே தெளிவாய்த் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்" என்றோம். மாமி இரண்டையும் கேட்டாராம். வைத்தியர் முகஞ் சுளிக்கவில்லையாம். முந்நூறுக்கு மேலிருக்கும் என்றும், தெரியாவிட்டால் பழையபடி கீறித்தான் எடுப்பேன், அதற்கும் இப்போதே சம்மதந் தரவேண்டும் என்றும் சொன்னாராம்.

"முந்நூறு என்றதிலும் பார்க்க, மற்றச் சொல்லைக் கேட்டுத்தான் தம்பி கையெழுத்து வைச்சனான்" என்றார் மாமி. சத்திரசிகிச்சை வருகிற வியாழக்கிழமை.