29ஆவது வரியைத் தேடுங்கள்

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை எடுத்துப் படியுங்கள் தோழர்களே. 2025இல் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை, மருத்துவர் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருந்த தொழில்நோய்களின் பட்டியல் அது. 10ஆவது வரியில் குரோம் புண். கடைசியாக 29ஆவது வரியில் நச்சால் வரும் சிறுநீரக நோய்.

புண் கண்ணுக்குத் தெரியும். சிறுநீரகம் கெடுவது சோதித்தால்தான் தெரியும். யார் சோதிக்கிறார்கள்?

ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப் போனது. அதிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் குரோம் உப்பு நனைத்த தோலை வெறுங்கையால் தூக்குகிறவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"டேனரியில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், அது அவ்வளவு ஆபத்தில்லை" என்பார்கள். இரண்டில் ஆறு இணைதிறன் குரோமியமே கொடியது என்பது உண்மைதான். அப்படியானால் சோதித்துக் காட்டுவதற்கு என்ன தயக்கம்?

சோதனை என்ற பெயரில் நடப்பதையும் பார்ப்போம். சமூகப் பணியாளராக நான் போன இலவச மருத்துவ முகாம்களில் சிறுநீரில் ஒரு பட்டையை முக்கி, "நார்மல்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டை முக்கியமாகக் காட்டுவது அல்புமின் என்ற பெரிய புரதத்தை. கன உலோகங்கள் முதலில் தாக்குவதோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களை. சிறிய புரதங்களை மீட்டு உடம்புக்குத் திருப்பி அனுப்புவது அந்தக் குழாய்களின் வேலை. அவை கெட்டால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் போன்றவை சிறுநீரில் ஒழுகும். குழாயின் செல்கள் அடிபட்டால் என்ஏஜி என்ற நொதியும் கிம்-1 என்ற புரதமும் கூடும். பட்டை இவற்றைப் பிடிக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கலாமே என்றால், சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். ஆகவே "நார்மல்" என்ற அந்தச் சீட்டு, தொழிலாளியின் ஆரோக்கியத்துக்குச் சான்று ஆகாது. முதலாளிக்குத்தான் அது நற்சான்று.

நோய் முற்றி டயாலிசிஸுக்கு வந்து நின்றால் பதில் தயாராக இருக்கிறது: "குடிச்சிருப்பான், சுகர் இருக்கும், பிரஷர் இருக்கும்." நுண்குழாய் கெட்டதைச் சொல்லும் புரதம், எந்த உலோகம் கெடுத்தது என்று சொல்லாது என்பதும் உண்மை. அதனால்தான் வேலை முடியும் நேரத்தில் சிறுநீரில் குரோமியத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அந்த வரிசை இருந்தால் பழியை யாரும் சாராயத்தின் தலையில் கட்ட முடியாது. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் குரோமியத்தால் வரும் நோய்களையும் ஏற்றது. ஆதாரம் இல்லாமல் அந்த உரிமையை எப்படிக் கேட்பது?

வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்றது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதாகச் சொன்ன ஆய்வும் அத்தீர்ப்பில் உண்டு. நிலம் ஹெக்டேரில் அளக்கப்பட்டது. நிலமில்லாதவனுக்கு இருக்கும் ஒரே சொத்து உடம்பு. அதை எந்த அளவுகோலால் அளந்தார்கள்?

ஜப்பானில் அளக்க வைத்தார்கள். ஜின்சு ஆற்றங்கரையில் மிட்சுயி நிறுவனத்தின் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் சோற்றில் கலந்து, எலும்பு முறியும் இதாய்-இதாய் நோயைத் தந்தது. 1968இல் அரசு அதை மாசு நோயாக ஏற்றது. எலும்பு முறியாமல் நுண்குழாய் மட்டும் கெட்டவர்களோ விடாமல் போராடினார்கள். 2013இல் அவர்களுக்கும் ஆளுக்கு 6 லட்சம் யென் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிறுநீர்ச் சோதனை மக்கள் கையில் ஆதாரமானது.

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் 29ஆவது வரியின் கீழ் இதுவரை எத்தனை பேர் பதிவானார்கள் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைக் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தனியாகக் கேளுங்கள். சோதனை முடிவைத் தொழிலாளியின் கையில் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். பூஜ்ஜியம் என்று பதில் வந்தால், நோய் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அந்தப் பதிலோடு தெருவுக்கு வருவோம்.

ஜெய்பீம்.