இலேசான அம்புக்குக் கனம் கூட்டும் வழி

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் சிலரே. அவ்வள்ளலின் வில்லாற்றலை வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் பாடியுள்ளார். ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, இறுதியில் புற்றருகே இருந்த உடும்பின்மேல் போய்த் தைத்தது என்பது அப்பாட்டு கூறும் செய்தி. இதில் புலவரின் உயர்வு நவிற்சி இருக்கலாம். எனினும் ஓர் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. ஊடுருவிச் செல்லும் அம்பு காற்றில் மிதக்கும் துரும்பாக இருக்க முடியாது. அதற்குத் தக்க கனம் வேண்டும்.

ஓரியின் நினைவாக ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கொல்லிமலையில் அரசு விழா நடைபெறுகிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. நம் நாட்டுத் தேசியப் போட்டிகளில் மூங்கில் அல்லது மர வில்லேந்தி எய்வோருக்கென ‘இந்தியன் ரவுண்டு’ என்ற தனிப் பிரிவும் உள்ளது. எனவே, விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கும் இக்கலையின் கதவு திறந்தே இருக்கிறது. 1994-இல் ராஞ்சிக்கு அருகில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, மூங்கிலால் வீட்டிலேயே செய்த வில்லையும் அம்பையும் கொண்டே முதலில் பழகினார். 2010-இல் தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். இராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உத்திரமேரூருக்கு அருகிலுள்ள கிராமம் ஒன்றில், பதினேழு வயது மகனுக்காகப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு மர வில்லை வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்புகளை மட்டும் மலிவாகக் கிடைத்தனவே என்று இலேசான கார்பன் அம்புகளாக வாங்கிவிட்டார்கள். எய்யும்போதெல்லாம் வில் ‘படார்’ என்று ஒலிக்கிறது. பிடித்த கை அதிர்கிறது. அம்போ காற்றில் தடுமாறுகிறது. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது பழமொழி. இங்கே எய்தவன்மேல் குற்றமில்லை, அம்பைத்தான் நோகவேண்டும்.

இதற்குக் காரணம் எளியது. ஒரு கல்லை ஓங்கி எறிந்து பாருங்கள். பிறகு அதே விசையோடு ஒரு காய்ந்த சருகை எறியுங்கள். கல்லை எறிந்த கை நோவதில்லை. சருகை எறிந்த கையோ தோள்மூட்டில் சுரீரென வலிக்கும். கையின் விசையைச் சுமந்து செல்லத் தக்க பொருள் இல்லாமையால் அது கையையே தாக்குகிறது. வில்லின் நிலையும் இதுவே. நாணை இழுக்கும்போது வில்லின் தண்டுகளில் ஆற்றல் தேங்குகிறது. கனமுள்ள அம்பு அவ்வாற்றலில் பெரும்பங்கைத் தன்னோடு எடுத்துச் செல்லும். இலேசான அம்பு விரைந்து பறந்தாலும் குறைந்த பங்கையே எடுத்துச் செல்லும். எஞ்சியது வில்லிலும் நாணிலும் அதிர்வாக மாறும். நாளடைவில் வில் பிளக்கும், நாண் அறும். பிளந்த வில்லின் சிம்பு கண்ணிலோ கையிலோ பாய்ந்தால் விளையும் தீங்கு வில்லின் விலையைவிடப் பெரிது. அம்பே இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடலாகாது என்று ஆசிரியர்கள் கண்டிப்பதும் இக்காரணம் பற்றியே.

ஆகவே முதல் வேலை, எவ்வளவு கனம் தேவை என்று அறிவது. வில்லின் இழுவிசையைக் காண, பழைய சாமான் எடைபோடும் கொக்கித் தராசு போதும். கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, அம்பின் நீளத்துக்கு இழுத்தால் எத்தனை கிலோ என்று தராசு காட்டும். இழுவிசை ஒவ்வொரு கிலோவுக்கும் அம்பின் எடை குறைந்தது 0.7 கிராம் இருக்கவேண்டும் என்பது வில்லாளர் பொதுவாகக் கொள்ளும் எல்லை. மரம், மூங்கில் ஆகியவற்றாலான வில்லுக்கு 1.2 முதல் 1.4 கிராம் வரை இருப்பது நலம். வில்லைச் செய்தவர் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட மர வில்லின் இழுவிசை 18 கிலோ எனில், அம்பின் எடை ஏறக்குறைய 22 முதல் 25 கிராம் வரை இருக்கவேண்டும். கையிலுள்ள அம்போ 16 கிராம்தான். ஆக, குறைந்தது 6 கிராம் கூட்டவேண்டும்.

அம்பை நிறுக்க நகைக்கடைத் தராசுதான் வேண்டும் என்பதில்லை. ஒரு நேரான குச்சியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் சமமான இரு இலேசான கிண்ணங்களைக் கட்டுங்கள். ஒன்றில் அம்பைக் குறுக்கே வைத்து, மற்றதில் ஊசி போடும் சிரிஞ்சினால் தண்ணீர் விடுங்கள். 1 மில்லிலிட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். குச்சி சமநிலைக்கு வரும்போது எத்தனை மில்லிலிட்டர் விட்டோமோ, அத்தனை கிராம் அம்பின் எடை.

இனிக் கனம் கூட்டும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, உள்ளே நைலான் நரம்பு இடுதல். கார்பன் அம்பும் அலுமினிய அம்பும் உள்ளே துளையுள்ளவை. புல் வெட்டும் எந்திரத்தில் கத்திக்குப் பதிலாகச் சுழலும் நைலான் நரம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்திரங்களைப் பழுது பார்க்கும் கடைகளில் அது மீட்டர் கணக்கில் கிடைக்கும். 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள நரம்பு, ஒரு மீட்டர் ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ளது. 75 சென்டிமீட்டர் அம்பினுள் ஓர் இழை இட்டால் 4 கிராம் கூடும். அம்பின் பின்முனையிலுள்ள குதையைக் கழற்றி, நரம்பைச் செலுத்தி, குதையை மீண்டும் பொருத்தவேண்டும். நரம்பு முன்னும் பின்னும் ஓடாதபடி நீளம் சரியாக இருக்கட்டும். ஆனால் குதை முழுதும் உட்காருவதற்குத் தடையாகவும் இருக்கலாகாது. அம்பை ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை கேட்கக்கூடாது. இம்முறையில் எடை நீளம் முழுவதும் சமமாகப் பரவுவதால் அம்பின் போக்கு அதிகம் மாறாது. பிடிக்கவில்லையெனில் உருவி எடுத்துவிடலாம் என்பது இதன் இன்னொரு நன்மை.

இரண்டாவது, முனையில் கனம் கூட்டுதல். 4 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு ஆணியில் 2 சென்டிமீட்டர் துண்டு ஏறக்குறைய 2 கிராம் எடையுள்ளது. ஆணியை அறுத்து, அரத்தால் தேய்த்து, பிசிறு நீக்குங்கள். நரம்பை இடுவதற்கு முன்பே, குதைப் பக்கமாக அதை உள்ளே விட்டு, நீண்ட குச்சியால் முனைவரை தள்ளி, எபாக்சிப் பசையால் ஒட்டி, ஒருநாள் காயவிடுங்கள். ஆணித்துண்டு 2 கிராம், நரம்பு 4 கிராம். 16 கிராம் அம்பு 22 கிராம் ஆகிவிட்டது. திருகி மாட்டும் முனையாயின், முனைக்கும் தண்டுக்கும் இடையில் பொருத்தமான சிறு வாஷரை இடுவதும் போதும். வாஷரின் விளிம்பு தண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது.

மூன்றாவது, மர அம்புக்கும் மூங்கில் அம்புக்கும் உரியது. இவற்றின் முனைக்குப் பின்னால் செப்புக் கம்பியைச் சுற்றலாம். பம்புசெட் ஓடும் ஊர்களில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாமற் போகாது. அங்கே எரிந்துபோன மோட்டாரிலிருந்து கழித்த கம்பி மலிவாகக் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் கம்பி, ஒரு மீட்டர் 7 கிராம் எடையுள்ளது. 8 மில்லிமீட்டர் கனமுள்ள தண்டில் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றினால் 2 கிராம் கூடும். பசை தடவிச் சுற்றி, அதன்மேல் தையல் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நாணை முழுதும் இழுத்த நிலையிலும் இச்சுற்று வில்லுக்கும் கைக்கும் முன்னாலேயே நிற்கவேண்டும். இல்லையேல் விரலைக் கிழிக்கும். மர அம்புக்கு ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசி உலரவிடுவதாலும் சிறிது எடை கூடும். மழைக்கால ஈரமும் எளிதில் ஏறாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு.

பண்டை எகிப்தியர் நாணல் தண்டின் முன்பகுதியில் கடின மரத்துண்டைச் செருகி அம்பு செய்தனர். அத்தகைய அம்புகள் துட்டன்காமன் மன்னனின் கல்லறையிலும் இருந்தன. இலேசான தண்டுக்கு முன்னால் கனமான மரம் என்ற இம்முறையை நாமும் கையாளலாம். மூங்கில் அம்பின் முன்பகுதியில் விரற்கடை ஆழம் குடைந்து, கருவேல மரக்குச்சியைச் செருகிப் பசையிட்டு, பிளவாதபடி வெளிப்புறம் நூலால் கட்டுங்கள்.

செய்யத்தகாதவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். சிலர் அம்பினுள் மணல், உப்பு, அரிசி ஆகியவற்றைக் கொட்டுகின்றனர். 6 மில்லிமீட்டர் துளையுள்ள அம்பை மணலால் நிரப்பினால் 30 கிராமுக்கு மேல் கூடிவிடும். அம்பு சிறிது தூரத்திலேயே விழும். பாதி நிரப்பினாலோ, எய்தவுடன் மணல் பின்னோக்கி ஓடி, அம்பு வாலாட்டும். உப்பு இரும்பை அரிக்கும். அரிசியில் வண்டு விழும். மீன்வலையின் ஈயக்குண்டை உருக்கி ஊற்றுவது இவை எல்லாவற்றிலும் தீயது. ஈயம் நஞ்சு, அதன் ஆவியும் தூளும் சிறுவர்களின் மூளையைப் பாதிக்கும். அம்பின் பின்பகுதியில் எடை கூட்டுவதும் தவறு. வால் கனத்த அம்பு நேரே செல்லாது.

வேலை முடிந்ததும் மூன்று சோதனைகள் தேவை.

முதற்சோதனை சமநிலை. குதையின் பள்ளத்திலிருந்து தண்டின் முன்நுனிவரை அளந்து நடுவில் குறியிடுங்கள். பிறகு அம்பைக் கத்தியின் முதுகில் வைத்து, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் காணுங்கள். அவ்விடம் நடுக்குறிக்கு முன்னால், மொத்த நீளத்தில் நூற்றுக்கு 7 முதல் 15 பங்கு தள்ளி இருப்பது பொதுவாக நல்லது. 75 சென்டிமீட்டர் அம்பில் இது 5 முதல் 11 சென்டிமீட்டர். முனையில் எடை மிகுந்தால் தண்டு எய்யும்போது அதிகமாக வளைந்து, அம்பு பக்கவாட்டில் விலகும். அவ்வாறு விலகினால் முனையின் எடையைக் குறைத்து, உள்ளிடும் நரம்பைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது ஒற்றுமை. ஆறு அம்புகளும் ஒரே எடையாக, அரைக் கிராமுக்குமேல் வேறுபடாமல் இருக்கவேண்டும். ஒன்று 22 கிராமும் மற்றொன்று 25 கிராமும் இருந்தால், பிள்ளை ஒரே இடத்தைக் குறிபார்த்தும் அம்புகள் மேலும் கீழுமாகத் தைக்கும். தன் கையில் குறை என்றெண்ணி அவன் சோர்ந்துபோவான்.

மூன்றாவது உறுதி. ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் கார்பன் அம்பை இரு கைகளாலும் சற்றே வளைத்து, முறுக்கிப் பார்க்கவேண்டும். கீறலோ நறநறவென்ற ஓசையோ தென்பட்டால் அதை ஒடித்து எறிந்துவிடுங்கள். விரிசல் கண்ட கார்பன் அம்பு எய்யும் கணத்தில் சிதறிக் கையைத் துளைத்துவிடும்.

முதன்முறை எய்யும்போது பத்தடித் தொலைவில், பின்னால் ஆளில்லாத வைக்கோற்போரில் எய்யச் செய்யுங்கள். கனம் கூடிய அம்பு முன்னிலும் தாழ்வாகத் தைக்கும். அதற்கேற்பக் குறியைச் சற்று உயர்த்தவேண்டும். வில்லின் ஓசை தணிந்து, கையின் அதிர்வு குறைந்திருந்தால் எடை பொருந்திவிட்டது என்று கொள்ளலாம். இது சரிப்பட்ட பின்னரே தொலைவைக் கூட்டலாம்.

பெற்றோருக்கு ஒன்று கூறவேண்டும். அம்பு துளைத்த புனித செபஸ்தியாரின் சுரூபத்தை நம் ஆலயங்கள் பலவற்றில் காண்கிறோம். அம்பு உயிரைப் பறிக்கும் கருவி என்பதை நமக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கனம் கூடிய அம்பு முன்னிலும் ஆழமாகப் பாயும். ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் பிள்ளைகள் வில்லைத் தொடலாகாது. பறவையையோ விலங்கையோ குறிவைக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றமாகும். இந்த நெறி நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. உத்திரமேரூருக்குத் தொலைவில் இல்லாத வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களை எதிர்த்து ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் கவுலை வழங்கினார்.

நைலான் நரம்பு, இரண்டு ஆணி, கொஞ்சம் செப்புக் கம்பி, ஒரு குழாய்ப் பசை: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புதிய அம்பின் விலைக்குள் அடங்கும். விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, முதலில் ஓர் அம்பை மட்டும் இவ்வாறு செய்து எய்து பாருங்கள். அது நேரே சென்று தைத்த பிறகு, மற்ற ஐந்தையும் அவனே நிறுத்து, அறுத்து, ஒட்டட்டும்.