ஒரே நாடு, ஒரே சந்தா: பெரம்பலூர் எந்த நாட்டில் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான இழை. டீயை வச்சுக்கிட்டு படிங்க.

மருத்துவ ஆய்விதழ்கள் பற்றியும் அவற்றின் வியாபாரம் பற்றியும் எழுதப்போறேன். "இது டாக்டருங்க பிரச்சனை, நமக்கென்ன" என்று தள்ளிவிட்டுப் போயிடாதீங்க. இதில் கட்டப்படுவது உங்கள் வரிப்பணம். வார்டில் படுத்திருப்பதும் உங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

போன வருஷம் ஒரு நைட் டியூட்டி. மூன்று வயசுக் குழந்தை. எலிக்கு வைக்க தக்காளித் துண்டில் பேஸ்ட் தடவி அடுப்படி மூலையில் வச்சிருக்காங்க. பிள்ளை எடுத்து வாயில் வச்சிருச்சு. வரும்போது சிரிச்சுக்கிட்டே வருது. "சார், நல்லாத்தானே விளையாடுது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமே" என்கிறார் அப்பத்தா.

எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸின் சூழ்ச்சியே அதுதான். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது நாளில் கல்லீரலைப் பிடிக்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. எப்போது எந்த ரத்தப் பரிசோதனை, எந்த அளவைத் தாண்டினால் திருச்சிக்கு அனுப்புவது என்பதுதான் எங்கள் கையில் இருப்பது. பெரியவர்களுக்கு ஓரளவு தெரியும். மூன்று வயசுக்கு?

தேடினேன். ஒரு வெளிநாட்டு இதழில் சரியான கட்டுரை கிடைத்தது. சுருக்கம் மட்டும் இலவசம். எனக்கு வேண்டிய அட்டவணை பூட்டுக்குப் பின்னால். திறக்க நாற்பது டாலர் சொச்சம். ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஒரு பேஷண்டுக்காக, ஒரு கட்டுரைக்கு மூவாயிரத்துக்கு மேல்.

ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் பேட்ச்மேட்டுக்கு வாட்ஸப் பண்ணினேன். பத்து நிமிஷத்தில் பிடிஎஃப் வந்துவிட்டது. அவனுக்கு அது மூன்று கிளிக்.

அந்தக் கட்டுரைதான் குழந்தையைக் காப்பாற்றியது என்று கதை விடமாட்டேன். அனுப்பலாமா, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா என்ற தயக்கம் போனது. அவ்வளவுதான். மறுநாளே திருச்சிக்கு அனுப்பினோம். நல்லபடியாகத் திரும்பி வந்தாள்.

சரி, அவனுக்கு மட்டும் எப்படித் திறந்தது?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி உட்பட 30 பதிப்பாளர்கள். ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் 1.8 கோடி பேர் படிக்கலாம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. முன்பு ஐஐடி மாதிரி இடங்களுக்குக் கிடைத்தது இப்போது மாநில அரசுக் கல்லூரி வரை வந்திருக்கிறது.

ஆனால் அந்த 'நாடு' என்பதன் வரையறையைப் பாருங்க. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும். சிகிச்சை மட்டும் தரும் அரசு மருத்துவமனைகள் அதில் இல்லை.

தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் மூன்று கூரைகளுக்குக் கீழே இருக்கிறோம். மருத்துவக் கல்லூரிகள் டிஎம்இ. மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை எல்லாம் டிஎம்எஸ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் டிபிஎச். சந்தா முதல் கூரைக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் நனையுது.

எங்கள் பக்கத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அரியலூரும் பெரம்பலூரும் 2007 வரை ஒரே மாவட்டம். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூருக்கு இன்னும் வரவில்லை. அதனால் அரியலூர் கல்லூரியில் இருக்கும் டாக்டருக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி பெரம்பலூரில் இருக்கும் டாக்டருக்கு கூகுள். அதே பருத்திக்காடு, அதே மக்காச்சோளம், அதே பாம்பு, அதே எலி பேஸ்ட்.

இன்னொரு வேடிக்கை. வேப்பந்தட்டை அரசு கலை அறிவியல் கல்லூரி மாணவர் இந்தத் திட்டத்தில் மருத்துவ இதழ் படிக்கத் தகுதி உள்ளவர். படிக்கட்டும், சந்தோஷம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் அரசுடையது. எழுதும் டாக்டருக்கு இதழ் ஒரு பைசா தராது. சரிபார்க்கும் சக டாக்டரும் இலவசமாகத்தான் பார்க்கிறார். பிறகு அதே கட்டுரையை எழுதியவர்களின் நிறுவனங்களுக்கே சந்தா போட்டு விற்பார்கள். எல்சேவியரின் தாய் நிறுவனம் ரெலெக்ஸ். அதன் அறிவியல், மருத்துவப் பிரிவு 2023ல் நூறு ரூபாய் வரவில் சுமார் 38 ரூபாய் லாபம் பார்த்தது. எங்க ஊர் வெங்காய வியாபாரிகூட அந்த மார்ஜினை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

எலி பேஸ்ட் கதையையே எடுங்க. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் பல சேர்ந்து, இந்த விஷம் எத்தனை பேர் கல்லீரலைக் கெடுக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். நான் அன்று தேடியது இதை அல்ல, ஆனால் முக்கியமான வேலை. 2021ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜியில் வந்தது. நோயாளி நம்மாள், டாக்டர் நம்மாள், இதழை நடத்தும் சங்கம் இந்தியச் சங்கம். வெளியிடுவது ஸ்பிரிங்கர். எழுதியவர்கள் தனியாகப் பணம் கட்டித் திறந்துவிட்டால் ஒழிய, அந்த இதழில் வரும் கட்டுரைக்குப் பூட்டு உண்டு.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. மும்பையில் டி.கே. சாஹு என்ற குழந்தை மருத்துவர் மெட்நோ என்று ஒரு பதிப்பகம் ஆரம்பித்தார். இந்தியச் சங்கங்களின் இதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க விட்டார். எழுதுகிறவர்களிடமும் பெரும்பாலும் காசு கேட்கவில்லை. அச்சுப் பிரதிச் சந்தாவையும் விளம்பரத்தையும் வைத்தே ஓட்டினார்கள். ஓடியது! 2011ல் வோல்டர்ஸ் க்ளூவர் என்ற டச்சு நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

இப்போது காற்று மாறியிருக்கிறது. படிப்பவரிடம் வாங்குவதற்குப் பதில் எழுதுபவரிடம் வாங்குவது. 'ஓப்பன் ஆக்சஸ்' என்று அழகான பெயர். நேச்சர் இதழ் 2020ல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. ஒரே சந்தா திட்டத்திலேயே இந்த மாதிரிக் கட்டணத்துக்கு வருஷம் 150 கோடி தனியாக இருக்கிறது. ஆக, படிக்கவும் நாம், எழுதவும் நாம்.

எழுதினால் காசு என்று ஆனதும் கூடவே திருட்டுக் கூட்டமும் வந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி வைத்தால் கட்டுரை விற்க ஆள் வரத்தானே செய்வான்? "டாக்டர், ஏழு நாளில் பப்ளிகேஷன்" என்று எனக்கே வாரம் ஒரு மெயில் வருகிறது. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 2019ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. பெரிய கம்பெனி என்றால் சுத்தம் என்றும் நினைக்காதீங்க. வைலி 2021ல் ஹிந்தாவி என்ற நிறுவனத்தை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. 2023ல் மட்டும் அதன் இதழ்களில் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஆக இலவசமாகக் கிடைப்பதில் குப்பை நிறைய, நல்லதில் பாதிக்குப் பூட்டு. பெரிஃபெரியில் இருக்கும் டாக்டர் எதைப் படிப்பார் என்று நீங்களே சொல்லுங்க.

சை-ஹப் பற்றிக் கேட்பீர்கள். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யன் 2011ல் தொடங்கிய தளம். பூட்டிய கட்டுரைகளை இலவசமாகக் கொட்டியது. சட்டப்படி அது திருட்டுப் பிரதிதான். எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூவரும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியாவில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. நான் பயன்படுத்தினேனா என்று கேட்காதீங்க. உங்கள் குடும்ப டாக்டரையும் கேட்காதீங்க.

என் கோரிக்கை சின்னது. கல்லூரி வாசலை வைத்துச் சந்தா கொடுக்காதீர்கள், ஆளை வைத்துக் கொடுங்கள். அரசுப் பணியில் இருக்கும் ஒவ்வொரு டாக்டருக்கும் மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கிறது. அதையே லாகினாக வையுங்கள். நர்ஸுக்கும் பதிவு எண் இருக்கிறது, அவரையும் சேருங்கள். தலை கூடினால் பதிப்பாளர் விலை கூட்டிக் கேட்பார், உண்மைதான். ஆனால் 6,000 கோடி கொடுக்கும் ஒரே வாடிக்கையாளர் பேரம் பேசக் கூடாதா? 2027ல் ஒப்பந்தம் முடிகிறது. பேச வேண்டிய நேரம் அதற்கு முன்னால்தான்.

புதுசாகவும் கேட்கவில்லை. 2007லேயே ஐசிஎம்ஆர் பணம் கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் இருக்கும் எவரும் படிக்கலாம் என்று செய்தது. டாக்டர், நோயாளி, மாணவர், யார் வேண்டுமானாலும். அடையாள அட்டை கேட்கவில்லை. அமெரிக்காவில் என்ஐஎச் பணத்தில் நடக்கும் ஆய்வுக் கட்டுரை 2025 ஜூலை 1 முதல் வெளியான அன்றே எல்லோருக்கும் இலவசம். நம் ஊர் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கும் அப்படி ஒரு விதி போட்டால் பாதிப் பூட்டு தானாகவே கழன்றுவிடும்.

அதுவரை பெரிஃபெரி நண்பர்களுக்கு: பப்மெட் சென்ட்ரலில் முதலில் தேடுங்க. கிடைக்கலன்னா கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடுங்க, பல பேர் சந்தோஷமா அனுப்பிடுவாங்க.

பொதுமக்களுக்கு, இதழுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டை வீட்டுக்குள் கொண்டு வராதீங்க. குழந்தை வாயில் வைத்துவிட்டால், நல்லா விளையாடினாலும் உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108ஐக் கூப்பிடுங்க. அந்த ட்யூபையும் கையோடு எடுத்துட்டு வாங்க.