அம்மா இல்லாத வீடும் பாண்டிய நாடும்

நேற்று தாபோடி ஸ்டேஷனில் லோனாவாலா லோக்கலுக்கு நிற்கும்போது ஊரிலிருந்து சித்தப்பா போன். "ஏலே, உங்க அண்ணன் வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பப் போறானாம். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாதாடே?"

அம்மா போய் இரண்டு வருஷம். அண்ணனும் நானும் பேசி ஒன்றரை வருஷம்.

வண்டியில் உட்கார்ந்ததும் மனசு பாண்டியர்களிடம் போய்விட்டது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310-ல் இறந்ததும் அவர் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் காபூர் வந்தான். வரும் வழியில் அவன் படை தங்கியது இங்கே தேவகிரியில்தான். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் எல்லோரா போகிற வழியில் காட்டுவோமே, அந்த தௌலதாபாத் கோட்டை!

சுந்தர பாண்டியன்தான் அவனைக் கூப்பிட்டான் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தேவகிரியும் வாரங்கலும் யாரும் கூப்பிட்டா கொள்ளை போயின? தில்லிக்கு வேண்டியது யானையும் பொன்னும். அண்ணன் தம்பி சேர்ந்து நின்றிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் காபூர் திரும்பிப் போன பிறகும் இவர்கள் சண்டை ஓயவில்லை பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. அடுத்து சேர நாட்டு ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரை வந்தான். காகதீயர் படையும் வந்தது. 1323-ல் மறுபடி தில்லிப் படை. 1335-க்குள் மதுரையில் சுல்தான் ஆட்சியே வந்துவிட்டது.

ஒருத்தனைத் துரோகி ஆக்கிவிட்டால் இன்னொருத்தன் நல்லவனாகிவிடுகிறான். ரொம்ப வசதி. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் வீட்டில் நான் துரோகி, என் வீட்டில் அவன்.

1290-களில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ, முந்தைய தலைமுறை அரசச் சகோதரர்கள் ஐந்து பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் சண்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் தாய் கத்தியோடு குறுக்கே நிற்பாளாம். பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொண்டு செத்துப்போவேன் என்பாளாம். அவள் போனபின் இவர்கள் அடித்துக்கொண்டு அழிவார்கள் என்றும் எழுதினார். அந்தக் காயல், பழைய காயல் என்ற பெயரில் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது.

எங்கள் அம்மா கத்தி எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "அண்ணன்கிட்ட பேசினியா?" என்று மட்டும் கேட்பாள். இரண்டு வருஷமாக அப்படிக் கேட்க ஆளில்லை. வெளியூரில் இருக்கும் நம் பலருக்கும் இதுதான் நிலைமை. கேட்க ஆளில்லாவிட்டால் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிஞ்ச்வடு வருவதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டேன். சுவரைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றான்.