கணினியும் கலைவிளையாட்டும்

(கல்முனைக்குடிப் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள மதிப்பு மிகச் சிறிது. மைதானத்தில் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு கேடயமேனும் கிடைக்கும். ஆதலின் அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம். கணினியின் முன் அமர்ந்து, கோடுகளையும் நிறங்களையும் கலைத்தும் கூட்டியும் ஒரு மாணவன் மகிழ்வானாயின், பரீட்சை வருகின்றதே என்று கடிந்து அவனை எழுப்பிவிடுகின்றோம். அவ்வாறு கடியப்படும் ஆட்டத்தின் பக்கம் நின்று சில சொற்கள் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எதனைக் கூறுகின்றோம் என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். இணையத்தில் பொழுது கழிப்போர் இருவகையினர். பிறர் செய்து வைத்ததைக் காண்போர் ஒரு வகை. தாமே ஒன்றைச் செய்து பிறர் காண வைப்போர் மற்றொரு வகை. தொலைபேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளி நள்ளிரவு வரை விழித்திருத்தலை யாம் கலை என்று கூற வரவில்லை. விதி ஒன்றைத் தானே வகுத்து, அவ்விதிப்படி கணினியை இயக்கி, எதிர்பாராது தோன்றும் உருவைக் கண்டு வியந்து, மீண்டும் விதியை மாற்றிப் பார்க்கும் ஆட்டமே ஈண்டுக் கூறப்படுவது. நம் பிள்ளைகளுட் பெரும்பாலோர் முதல் வகையிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களை இரண்டாம் வகைக்கு அழைத்துச் செல்லும் வழி, கடிந்துரையன்று. இவ்விளையாட்டே என்பது எமது கருத்து.

இவ்வாட்டம் நேற்றுத் தோன்றியதன்று. 1952 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி என்பார், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக் கணினியைக் கொண்டு காதற் கடிதங்கள் எழுதுவித்தார். சொற்பட்டியல்களையும் வாக்கிய அமைப்புக்கள் சிலவற்றையும் கொடுத்து, எச்சொல் எவ்விடத்தில் அமைவதென்பதைத் தற்செயலுக்கு விட்டார். கடிதங்கள் நகைப்பைத் தந்தன. ஆயினும் மொழியைக் கையாளும் கணினிகளின் வரலாறு கூறுவோர் இன்றும் அவற்றை விட்டுச் செல்வதில்லை. 1965 இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கேயோர்க் நீஸ் என்பாரும், நியூயோர்க்கில் மைக்கேல் நோல் என்பாரும் கணினி வரைந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். 1968 இல் யாசியா ரைக்கார்ட் அம்மையார் இலண்டனில் இத்தகைய கலைக்கென்றே பெருங் கண்காட்சியொன்றை அமைத்தார். இணையம் பரவத் தொடங்கிய 1996 இல், ஒலியா லியாலினா என்னும் உருசியப் பெண்மணி, போரிலிருந்து மீண்ட காதலனையும் அவனை எதிர்கொள்ளும் பெண்ணையும் பற்றிய கதையொன்றை, தொடுந்தோறும் சிறு சிறு கட்டங்களாகப் பிளந்து செல்லும் ஒரு திரைப்பக்கமாகவே ஆக்கினார். அதற்கு மண்டபமும் வேண்டியிருக்கவில்லை, திரைச்சீலையும் வேண்டியிருக்கவில்லை.

இவையெல்லாம் வல்லுநர் செயல். எம்மால் ஆகுமோ என்று மாணவர் அஞ்ச வேண்டா. 1982 இல் வெளிவந்த கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியின் கைந்நூலில் சிறு கட்டளையொன்று இருந்தது. திரையின் ஒவ்வொரு கட்டத்திலும் வலப்புறஞ் சாய்ந்த கோடு, அன்றேல் இடப்புறஞ் சாய்ந்த கோடு, இரண்டிலொன்றைத் தற்செயலாக வரைக என்பதே அக்கட்டளையின் பொருள். அது திரையில் முடிவின்றி விரியும் புதிர்வழியொன்றை வரைந்தது. இதனைச் செய்து பார்க்கக் கணினியும் தேவையில்லை. சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றும் நாணயம் ஒன்றும் போதும். கட்டத்துக்கொரு முறை நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு சாய்வும் பூ விழுந்தால் மறு சாய்வுமாக வரைந்து செல்க. இருபது வரி நிறையுமுன் ஒழுங்கைகளும் முற்றங்களும் கொண்ட ஓர் ஊர் கொப்பியில் தோன்றக் காண்பீர். அவ்வூரை வரைந்தவர் நீரோ, நாணயமோ, விதியோ? இவ்வினாவை எழுப்பும் சிறுவன் கணிதத்தின் வாயிலிலும் கலையின் வாயிலிலும் ஒருங்கே நிற்கின்றான்.

எம் கரையோரத்தார்க்கு இது புதிய வித்தையும் அன்று. கல்முனைக்குடிக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள மருதமுனை, கைத்தறிக்குப் பெயர் பெற்றது. அங்கே சாரம் நெய்யும் நெசவாளர், பாவு நூலில் எது உயரும், எது தாழும் என்பதை ஒழுங்காக அறிந்தன்றி ஒரு கரையையும் அமைக்க முடியாது. உயர்தல், தாழ்தல் என்னும் இவ்விரண்டே கணினியின் ஒன்றும் சுழியும் ஆகும். 1804 இல் பிரான்சு தேசத்து ஜக்கார் என்பார், துளையிட்ட அட்டைகளால் தறியின் பாவு நூல்களை ஆளும் முறையைக் கண்டார். அவ்வட்டைகளையே சார்லஸ் பாபேஜ் தாம் எண்ணிய கணிப்பொறிக்குக் கைக்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843 இல் குறிப்புரை எழுதிய ஏடா லவ்லேஸ் அம்மையார், ஒலிகளின் உறவுகளை முறைப்படுத்திக் கொடுத்தால் அது இசையையும் இயற்றக்கூடும் என்று முன்னறிந்து கூறினார். எனவே கணினிக் கலையின் பாட்டனார் வீடு தறிக்கொட்டிலே என்றால் மிகையாகாது. எம் பகுதி மகளிர் சாயமிட்ட பன்னைக் கொண்டு பாய் இழைக்கும்போது, விரல் எண்ணிச் செல்லும் கணக்கும் இத்தகையதே.

வாசலிற் கோலமிடும் வழக்கம் முஸ்லிம் வீடுகளில் இல்லை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அது உண்டு. புள்ளிகளை நிரையாக இட்டு, அவற்றைச் சுற்றி ஒரே கோட்டை வளைத்துச் சென்று தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் கோலத்தைக் கணித அறிஞர் இருந்து ஆராய்ந்தது பலர் அறியாத செய்தி. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974 இல் வெளியிட்ட ஆய்வுரையில், கோலத்தை ஓர் இலக்கணமுடைய மொழியாகக் கொண்டு ஆராய்ந்தனர். சொற்களை வரிசையாக அடுக்கும் இலக்கணம் போல, கட்டங்களை நெடுக்கிலும் குறுக்கிலும் அடுக்கும் இலக்கணத்தை அவர்கள் வகுத்தனர். சிறிய விதிகள் சிலவற்றிலிருந்து சிறிதும் பெரிதுமாகக் கோலங்கள் பிறக்கும் வகை அதனால் விளங்கிற்று. பெண்கள் விடியற்காலையில் மாவினாற் செய்யும் விளையாட்டு, கணினி அறிவியலின் ஏட்டில் இடம்பெற்றது.

எம் மரபிலும் இதற்கு உறவு உண்டு. உயிருருவங்களை விலக்கிய இசுலாமியக் கட்டடக்கலை, கவராயமும் அளவுகோலும் கொண்டு வடிவங்களை விரித்தது. கிரனாடாவின் அல்ஹம்பிரா மாளிகைச் சுவர்கள் அதற்குச் சான்று. கணினிக்கு இடும் படிமுறைக்கு ஐரோப்பியர் வழங்கும் அல்கோரிதம் என்னும் பெயரே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. தமிழிலோ சித்திரகவி என்றொரு துறையே உண்டு. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கப்படும் மாலைமாற்றும், பாம்பின் வடிவில் எழுத்துக்களை அமைக்கும் நாகபந்தமும் விதியோடு ஆடிய ஆட்டங்களேயன்றோ? காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகளார், விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கினால் மீட்டெடுத்து, 1947 இல் யாழ்நூலை உலகுக்கு அளித்தார். கணிதமும் கலையும் இருவேறு வகுப்பறைகள் அல்ல என்பதற்கு இக்கரையில் இதனினும் பெரிய சான்று வேண்டா.

நிற்க. விளையாட்டு ஒருபுறமிருக்க, பயன் யாது என வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம். இணையத்தில் இன்று தமிழ் படிக்கக் கிடைப்பதன் ஒரு பகுதி, ஊதியமோ பட்டமோ கருதாதவர் தம் ஓய்வு நேரத்தில் ஆக்கியதாகும். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒழுங்கமைப்பில், பல நாட்டுத் தன்னார்வலரின் கைத்தட்டச்சினால் வளர்ந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2005 இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை ஈழத்து இளைஞர் தொடங்கினர். இவற்றை யாரும் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை. ஆசையினால் தொடங்கியது அறமாக முடிந்தது.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம். பரீட்சைக்கு இதனால் ஊறு விளையும் என்பது முதலாவது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒருவனையும் பரீட்சையில் வீழ்த்தியதில்லை. கருவிகளுக்குப் பொருள் வேண்டும் என்பது இரண்டாவது. 2001 இல் தோன்றிய புரொசெசிங் என்னும் மென்பொருளும், அதன் வழிவந்து உலாவியிலேயே இயங்கும் பி5.ஜேஎஸ் என்பதும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கணினியிலும் இவை இயங்கும்.

மூன்றாவது வாதமே இக்காலத்தில் வலிமை மிக்கது. ஒரு வாக்கியம் எழுதிக் கேட்டால் ஓவியத்தை நொடியில் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 முதல் எங்கும் பரவிவிட்டன; இனி மாணவன் ஏன் வருந்தி விதி வகுக்க வேண்டும் என்று கேட்கின்றனர். கேட்டுப் பெறுதல் வேறு. செய்து பெறுதல் வேறு. கடையிற் சோறு வாங்கி உண்பவனுக்குப் பசி தீரும்; சமையல் வராது. மேலும் அக்கருவிகள் உலகெங்கும் ஏராளமாகக் கிடைக்கும் படங்களைக் கற்றே படம் தருவன. மருதமுனைச் சாரத்தின் கரையும், எம் பன்பாயின் கட்டமும் அங்கே போதிய அளவு ஏறாவிட்டால், அவை கேட்போர்க்கும் கிடையா. நம் பிள்ளைகள் செய்பவராக மாறாவிடின், நம் வடிவங்கள் பிறர் நினைவிலிருந்தும் நம் நினைவிலிருந்தும் ஒருங்கே நீங்கும். இவ்விளையாட்டில் பணயமாக உள்ளது இதுவே.

இன்னொரு பயனும் உண்டு. 2017 ஏப்ரலில் ரெடிற் என்னும் தளம், நெடுக்கில் ஆயிரமும் குறுக்கில் ஆயிரமுமாகப் பத்து இலட்சம் புள்ளிகள் கொண்ட வெறும் பலகையொன்றைத் திறந்து வைத்தது. எவரும் வந்து ஒரு புள்ளிக்கு நிறமிடலாம். அடுத்த புள்ளிக்குச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். மூன்று நாட்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். தனியொருவன் ஒன்றும் வரைய முடியாமையால் கூட்டம் சேர்ந்தனர். பிறர் படத்தை அழித்துப் பூசலிட்டனர். பின்னர் எல்லை பேசி இணங்கினர். முடிவில் ஒரு பெருஞ் சித்திரம் எஞ்சியது. எல்லை வழக்குகளால் மனம் நொந்த எம் கரையோரத்தார்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பாண்டிருப்புச் சிறுமியின் புள்ளிக் கோலமும் மருதமுனைச் சிறுவனின் தறிக்கட்டமும் ஒரே பலகையில் அருகருகே நிற்குமாயின், எல்லையை அழிப்பதினும் அலங்கரித்தல் நன்றென்பதை இருவரும் இளமையிலேயே அறிவர்.

ஆயினும் இணையத்தில் உள்ளவை என்றும் அழியா என்று எண்ணுதல் தவறு. எண்ணற்ற மக்கள் விளையாட்டாய் அமைத்த பக்கங்களைக் கொண்டிருந்த ஜியோசிற்றீஸ் 2009 இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான அசைபடங்களுக்கும் ஆட்டங்களுக்கும் உயிரளித்த ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 உடன் கைவிடப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 2004 டிசம்பர் 26 இல் எம் கரையைக் கடல் கொண்டதையும் கண்ட நாம், படியொன்று வேறிடத்தில் வையாத செல்வம் செல்வமன்று என்பதை அறிவோம்.

ஆகவே, இவ்விழாக் காலத்தில் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். கணினி அறையை வாரத்தில் ஒரு மாலை, புள்ளியும் பரிசும் இன்றி, ஆட்டத்துக்கெனத் திறந்துவிடுக. ஆசிரியர் அங்கே கற்பிப்பவராக அன்றி உடன் ஆடுபவராக இருப்பாராக. தறியாளரையும் பாய் இழைக்கும் தாய்மாரையும் கோலமிடும் மகளிரையும் விருந்தினராக அழைத்து, அவர் இசைவோடு அவர் கணக்கைக் கேட்டறிக. அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலை மாணவர்க்கும் அக்கதவு திறந்திருப்பதாக. ஆண்டிறுதியில் மாணவர் ஆக்கங்களையும் அவற்றின் விதிகளையும் தமிழில் எழுதித் தொகுத்து, ஒரு படி கல்லூரியிலும் ஒரு படி நூலகம் நிறுவனத்திலும் வைப்பதாக. வெளிநாடுகளில் கணினித் தொழில் புரியும் பழைய மாணவர், பணத்தோடு மாதம் ஒரு மணி நேரத்தையும் அனுப்புவாராக; பணத்தினும் அதுவே அருமையானது.

மதிற்சுவரும் மாடிக் கட்டடமும் எழுப்பும் பணியில் நாம் பின்னின்றதில்லை. இம்முறை ஒரு மாலைப் பொழுதை எழுப்புவோம். அதில் ஆடும் பிள்ளை, உலகம் வகுத்த விதிக்குட்பட்டு வாழ்பவனாக மட்டும் அல்லாது, விதியொன்றை வகுத்துப் பார்க்கும் துணிவுடையவனாக இவ்வாயிலைக் கடந்து செல்வான். நம் கல்லூரி நீடு வாழ்க.