தென்பெண்ணை நீரை எங்கே சோதிப்பது?

ஆசிரியருக்கு,

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூரின் கழிவு நுரையாகப் பொங்கும்போதுதான் தென்பெண்ணை செய்தியாகிறது. கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி விழுப்புரம் வருவதற்குள் நீர் தெளிந்துவிடும் என்பார்கள். பாதி உண்மைதான். மக்கும் கழிவு ஓட்டத்தில் சிதையும். கரைந்த உப்பும் கன உலோகங்களும் சிதைவதில்லை. அணைச் சேற்றில் படிந்த உலோகமும் 2024 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் கிளறப்பட்டுக் கீழே வரக்கூடும்.

பல மாதம் வறண்டு கிடக்கும் ஆற்றில் எதைச் சோதிப்பது என்று கேட்கலாம். மணலுக்கடியில் ஊறும் நீரைத்தானே கிணறுவழி இறைத்துக் குடிக்கிறோம்! மக்கும் கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (BOD) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது குளிக்கும் நீருக்கான வரம்பு. ஈயமோ காட்மியமோ அந்தச் சோதனையில் தெரியாது. ஆற்றுப்படுகைக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் உலோகங்களைச் சோதித்து, முடிவை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும்.

ஒரு வாசகர்,
விழுப்புரம்