பத்திரத்தில் ஒரு வரி!

"வீட்டை எம் பேர்ல எழுதிக் குடுத்துடுப்பா. லோன் வாங்க வசதியா இருக்கும். நீயும் அம்மாவும் எங்க போயிடப் போறீங்க?"

பெற்ற மகன் இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் மாட்டேன் என்பார்? சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகிறார். தான செட்டில்மெண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இரண்டு வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு கூடத்தில் கிடந்த கட்டில் மாடிப்படிக்குக் கீழே போகும். அப்புறம் தெருவுக்கே வந்துவிடும்!

இப்படித் தெருவுக்கு வந்தவர்களுக்காக 2007-ல் ஒரு சட்டம் வந்தது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் போதும். பிள்ளைகள் மாதாமாதம் பணம் தர அவர் உத்தரவு போடலாம். கைவிட்டவர்களுக்கு 3 மாதம் வரை ஜெயிலும் உண்டு.

ஆனால் மனு கொடுக்க மனசு வரவேண்டுமே! "பெத்த புள்ள மேல கேஸா?" என்று கோயில் வாசலில் உட்கார்ந்து விடுகிறவர்கள்தான் அதிகம்.

துணிந்து வருகிறவர்களுக்கும் ஒரு சிக்கல். எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க 23-வது பிரிவு வழி சொல்கிறது. ஆனால் 'என்னைக் கவனித்துக் கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டுமாம்! நிபந்தனை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே கோர்ட்டின் வேறு நீதிபதிகள் சொன்னார்கள். பாசத்தால் கொடுத்தது என்றாலே நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு கூறியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தெருவில் நிற்கும் மூதாட்டி எந்தத் தீர்ப்பு தனக்கு என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. முன்பு படுக்கையில் கிடந்த மாமியாருக்குச் சம்பளமில்லாமல் எல்லாம் செய்தவள் மருமகள். இன்று அவளும் காலை எட்டு மணிக்குப் பஸ் பிடிக்கிறாள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 பேர் தங்கும்படி, அரசு கட்டலாம் என்று இதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு 'கட்டாயம்', அரசுக்கு மட்டும் 'லாம்'!

போகட்டும். செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு அரசு கட்டணச் சலுகை தருகிறது. போட்டோ எடுக்கிறார்கள், ரேகை வாங்குகிறார்கள். அப்போதே சார்பதிவாளர், "பெரியவரே, கடைசிவரை உங்களுக்குச் சோறும் இடமும் தரணும்னு இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டால் என்ன? இல்லையென்றால் அந்த வரியைச் சேர்த்துக் கொண்டு வரச் சொல்ல வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை பத்திரம் எழுதுபவரிடம் பெரியவர்களே கேட்டு எழுத வைக்கட்டும். விவரம் வேண்டுவோர் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.